உயிரோடிருந்த பதினோரு பேர்

13 அக்டோபர் 2022, வியாழன்

களைந்த அரிசியை மறுபடி களைந்தேன். மூன்றாம் முறை களையும்போது என் கணவர் டோமினிக் பார்த்துவிட்டார். கொரோனா வந்துபோய்ப் பதினேழு மாதம். மூச்சு திரும்பிவிட்டது, மூளை இன்னும் பஸ் ஏறவில்லை. நோவெல்லாம் இல்லை, வெறும் நெனப்புதான் என்கிறார். அந்த நெனப்புதானே வரமாட்டேன் என்கிறது.

20 அக்டோபர்

கழுவி வைத்த டம்ளரைப் பார்த்து அழுகை. டம்ளர் என்ன பாவம் செய்தது?

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கோயிலில் மைக் போய்விடும். இருபது வருடமாக ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் படிப்பது நான். எங்கள் ஊர் கொட்டச்சேட்டில் பாதிப் பேருக்கு நான் ஜெயகுமாரியே இல்லை, வாசகம் படிக்கிற அக்கா. அதுவும் போனால் மிச்சம் என்ன? அரிசி களைகிற அக்கா.

2 நவம்பர், புதன்

கல்லறைத் திருநாள். செத்தேன். இல்லை — சாகடித்தேன். பதினோரு பேரை.

பூசையில் நான் படிக்க வேண்டிய பட்டியலில் இடப்பக்கம் இறந்தவர் பெயர், வலப்பக்கம் அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பவர் பெயர். நான் வலப்பக்கத்தைப் படித்தேன். முதல் பெயர் மரியசெல்வி. அவளுடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக என்றேன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மரியசெல்வி சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு உறைக்கவே இல்லை. பதினோராவது பெயர் டோமினிக். அவர் அப்பாவுக்கான பூசை. நிமிர்ந்தால் என் கணவர் உயிரோடு முறைக்கிறார்.

பின்வரிசையில் சிரிப்பு. பூசை முடிந்து இத்தனை செத்தவர்கள் எழுந்து வெளியே நடந்தது ஈஸ்டருக்குக்கூட நடக்காத அதிசயம். வீட்டுக்கு வந்து தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். எனக்குப் பைத்தியம் பிடிக்குதா? கடவுளே, சொல்லித் தொலையேன்.

3 நவம்பர்

ஃபாதர் கூப்பிட்டார். என்னைவிடச் சின்னவர். திட்டுவார் என்று போனால் தண்ணீர் கொடுத்து, "எத்தன நாளா இப்படிங்க அக்கா?" என்றார். டம்ளர் முதல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சேலத்தில் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

11 நவம்பர், வெள்ளி

சேலம். டோமினிக்கும் வந்தார், வெறும் நெனப்புதான் என்று நிரூபிக்க. ஸ்கேனில் ஒன்றுமில்லை. அவர் ஜெயித்த முகத்தோடு திரும்புவதற்குள் டாக்டரம்மா சொன்னார்: ஸ்கேனில் தெரியாவிட்டாலும் நோய் இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு பலருக்கு இந்த மறதி, இந்த அழுகை. சோம்பேறித்தனம் இல்லை, நடிப்பும் இல்லை.

வீட்டில் நான் எப்படி இருக்கிறேன் என்று டோமினிக்கைக் கேட்டார். அவர் கையிலிருந்த ஸ்கேன் கவரை மேசையில் வைத்தார்.

"இவ இப்படிப்பட்ட ஆளே இல்லீங்க. ஊரு சனம் பேரெல்லாம் மனப்பாடமா சொல்லுவாளுங்க. நாந்தானுங்க நொம்பத் திட்டிப்போட்டேன்."

திரும்பும்போது பஸ்ஸில் என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

19 நவம்பர்

மாத்திரைக்குத் தூக்கம் வருகிறது. மூளை வரவில்லை.

27 நவம்பர், ஞாயிறு

வாசகம் இனி கொஞ்ச நாள் ஃபெபி படிக்கட்டும் என்று நானே சொன்னேன். காலேஜ் பெண், குரல் நன்றாக இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. எனக்கு நோயாளிகளுக்கான மன்றாட்டு மட்டும். நான்கு பெயர். விரல் வைத்துப் படித்தேன். முடிந்ததும் தாளில் இல்லாத ஒன்றையும் படித்தேன்: கொரோனாவுக்குப் பின் மறதியாலும் மனச்சோர்வாலும் அவதிப்படும் ஜெயகுமாரிக்காக. யாரும் சிரிக்கவில்லை.

வெளியே செருப்பு மாட்டும்போது மரியசெல்வி பக்கத்தில் வந்து நின்றாள். அங்கே இங்கே பார்த்துவிட்டுக் காதோடு சொன்னாள்.

"ஏனுங்க அக்கா, அடுத்த வாரம் எம்பேரையும் சேத்திப் படிங்க."