பீரோ மேலிருந்து வரும் குரல்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம். நான் சுகமா என்று நீதான் சொல்ல வேண்டும், நாள் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நீதானே. போனில் நீயும் அம்மாவும் என்னைப் பேச விடுவதில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

கோபித்துக்கொள்ளாதே. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டேனே என்ற பயத்தில்தான் கேமரா வைக்கச் சொன்னாய், தெரியும். எலக்ட்ரீஷியனே எக்கி நின்றுதான் அதை பீரோ மேல் வைத்தார். ஆனால் நான் கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டதுமே அங்கிருந்து, "அப்பா, பேசாம படுங்க" என்று உன் குரல் வருகிறது. அம்மா அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து என்னை அமுக்கிப் படுக்க வைக்கிறாள். ஊரையே பஸ்ஸில் ஏற்றி இறக்கியவன், இப்போது ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து போகிற வருகிற பஸ்ஸை வேடிக்கை பார்க்கிறேன். ஜெயிலில்கூடக் கொஞ்சம் நடக்க விடுவார்கள். மூச்சு முட்டுகிறதம்மா.

பிசியோதெரபி என்றதும் எண்ணெய் போட்டு நீவிவிடுவார்கள், சுகமாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். வந்த பெண் ஊசியும் போடவில்லை, மாத்திரையும் தரவில்லை, என் காலை என்னையே தூக்கச் சொல்லி உயிரை வாங்குகிறாள். எலும்பு சேர்ந்துவிட்டதாம், படுத்தே கிடந்ததில் தொடைச் சதைதான் வற்றிப்போய் வேலையை மறந்துவிட்டதாம், கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கொடுத்து அதை மறுபடி பழக்க வேண்டுமாம். கட்டில் விளிம்பிலிருந்து எழுந்து நின்று மறுபடி உட்கார வேண்டும், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும், அதற்கே வேர்த்துக் கொட்டுகிறது. போன வாரம் பயிற்சிக்கு நடுவில் உன் குரல் வந்ததே, அன்றைக்கு அவள் அம்மாவிடம், "இப்படியே படுக்க வச்சா அப்புறம் இவரு எழுந்திரிக்கவே மாட்டாரும்மா" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அம்மா அழுதாள். மறுபடி விழுந்துவிடுவேனோ என்று எனக்கும் பயம்தான், ஆனால் அதைவிட இந்தக் கட்டில்தான் பயமாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, கம்ப்யூட்டர் முன்னாலேயே கிடந்து கழுத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காமல் கேள். காலையிலிருந்து உன் போனில் என் அறை இருட்டாகத் தெரிகிறதாம், கேமரா கெட்டுவிட்டதா என்று அம்மாவிடம் கேட்டாயாம். கெடவில்லை. அதன் மேல் என் துண்டு கிடக்கிறது. அம்மாவுக்கு அந்த உயரம் எட்டாது என்பது உனக்குத் தெரியும்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அப்பா