தலைப்பாகையை அவிழ்த்தவர் யார்

அய்யா துணை

காரைக்காட்டுவிளை,
கொல்லம் 1112 மாசி

மாத்தளைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருக்கும் என் தம்பி பொன்னுலிங்கத்துக்கு அக்கா நாராயணவடிவு எழுதுவது. இங்கே நானும் பிள்ளையும் அம்மையும் சுகம். உன் சுகத்துக்கும் உன் வீட்டுக்காரி சுகத்துக்கும் எழுது.

நீ அனுப்பிய சேலையும் தேயிலையும் வந்தன. வருஷா வருஷம் தேயிலை வருகிறது, நான் கேட்டதற்குப் பதில்தான் வருவதில்லை. பரணில் இருக்கும் டப்பாக்களை இறக்கினால் கடையே போடலாம். அம்மைக்குக் கண் மங்கிவிட்டது. உன் தேயிலையில் கருப்பட்டி போட்டுக் குடித்துவிட்டு, மகன் அனுப்பினான் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்கிறாள்.

மகாராஜா கோயிலை எல்லாருக்கும் திறந்துவிட்ட விளம்பரம் பற்றி அங்கேயும் பத்திரிகையில் பார்த்திருப்பாய். நம்மூர்த் தேரோடும் தெருவிலும் இப்போது எல்லாரும் நடக்கிறார்கள். நான் நடக்கவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னே நம் ஆட்களைத் தலைப்பாகையோடு அந்தத் தெருவில் கூட்டிப்போவேன் என்று நாள் குறித்த உன் அத்தான், அதற்கு முந்தின நாள் கால்வாயில் பிணமாகக் கிடந்தார். அவர் இல்லாமல் அங்கே நடக்க எனக்குக் கால் வரவில்லை.

போன கிழமை நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். சித்திரை முதல் தேதி உன் அத்தானுக்கு 'வைகுண்டராஜன் படத்திறப்பு' என்று நோட்டீஸே அடித்துவிட்டார்களாம். நான் மேடையேறி மாலை போடவேண்டுமாம். தலைமை யார் என்று கேட்டேன். பெரியவீட்டுக்காரர்தானாம். தெருவில் கால் வைத்தால் கால் இருக்காது என்று நம் முற்றத்தில் நின்று சொல்லிவிட்டுப் போனானே அவருடைய காரியஸ்தன், அவன் பந்தலுக்கு ஓலை கொடுக்கிறானாம். வந்தவர்களில் மூத்தவர் நாம் அய்யாவைக் கும்பிடும் தாங்கலில் பணிவிடை செய்கிறவர். "பழசையெல்லாம் இனி கிண்டாத மக்களே, காலம் மாறிப்போச்சுல்லா" என்றார். காலம் மாறியது சரி. செத்தவர் எப்படிச் செத்தார் என்பதும் அதோடு மாறிவிடுமா?

படத்தையும் காட்டினார்கள். வகிடெடுத்துத் தலைவாரி, கச்சேரிக் குமாஸ்தா மாதிரி வெறுந்தலையாக இருக்கிறார். தலைப்பாகை எங்கே என்று கேட்டேன். படம் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று தலைவர் சொல்லிவிட்டாராம்.

கால் வழுக்கி விழுந்து மூழ்கினார் என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போனது உனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அந்தக் கால்வாயில் நீந்தியவர், பங்குனி மாதத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்கினாராம். பின்மண்டைக் காயம் கல்லில் பட்டது என்றார்கள். எந்தக் கல் என்று யாரும் காட்டவில்லை. இதெல்லாம் நான் அப்போதே கேட்டுக் கேட்டு வாய் வலித்தவை.

அவரைக் கரையில் போட்டபோது தலைப்பாகைத் துணி இடுப்பில் கட்டியிருந்தது. பெரியவீட்டார் எதிரே வந்தால் தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பதுதானே நம் தகப்பன் காலத்து வழக்கம். அதை உடைக்கத்தானே அத்தான் ஊர் ஊராக அலைந்தார். "தல போனாலும் இது போவாது, கேட்டியாலே" என்று உன்னிடம்தானே சொல்வார். மூழ்குகிறவன் தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டா மூழ்குவான்? கொன்றவர்களுக்குக் கொன்றது போதவில்லை. பிணத்தின் தலையில்கூட அந்தத் துணி இருக்கப் பொறுக்கவில்லை. தானாக விழுந்தார் என்று காட்ட அத்தனை பாடுபட்டவர்கள் அந்த ஒரு இடத்தில் தவறிவிட்டார்கள். இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். அதை அவர் எழுதவில்லை.

நம் முறைப்படி வடக்கு முகமாக உட்காரவைத்து அடக்கினோம். தலையில் புதுத் துணி கட்டினோம். பழையதை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

தம்பி, இனி எழுதுவது உன்னைப் பற்றி. அன்று பத்மநாபபுரத்தில் வக்கீலைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் திரும்பினீர்கள். வீட்டுக்கு நீ மட்டும் வந்தாய். அத்தான் ஒருவரைப் பார்த்துவிட்டுப் பின்னால் வருவார் என்றாய். தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் கீழே வைத்துவிட்டாய். அடுத்த வாரமே தூத்துக்குடியில் கப்பல் ஏறிவிட்டாய். வயசுப்பிள்ளை பயந்துவிட்டான் என்று அம்மை சொன்னாள். நானும் அப்படியே மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் ஒன்று மறக்கவில்லை. வாசலில் வந்து நின்றபோது உன் தலைப்பாகையும் இடுப்பில்தான் இருந்தது.

நீ அவருக்குக் கெடுதல் செய்தாய் என்று ஒருநாளும் நான் நினைத்ததில்லை. உன்னை அவிழ்க்கச் சொன்னார்கள், அவிழ்த்தாய். அவரையும் சொன்னார்கள், அவர் அவிழ்க்கவில்லை. அப்படித்தானே? உயிருக்குப் பயந்து அவிழ்த்ததற்காக உன்னைத் திட்டினால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் சொன்னவர்கள் யார் என்று உனக்குத் தெரியும். எட்டு வருஷமாகத் தெரிந்துகொண்டே எனக்குத் தேயிலை அனுப்பினாயே, அதுதான் ஆறவில்லை.

நான் கூட்டத்துக்குப் போகிறேன். மாலை போட மாட்டேன். அந்தப் பழைய துணியைப் படத்தின் தலையில் கட்டிவிட்டு, இதை அவிழ்த்தது யார் என்று தலைவரைப் பார்த்துக் கேட்பேன். பைத்தியம் பிடித்தவள் என்று இறக்கிவிடுவார்கள். நீ கீழே நின்று ஒரு பேரைச் சொன்னால் அப்படி இறக்க முடியாது.

இதை நானே எழுதினேன். அம்மைக்கு ஒன்றும் தெரியாது. நீ வருவாய் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அய்யா உன்னையும் உன் குடும்பத்தையும் காப்பார். சித்திரைக்கு முன் வா மக்கா. தலையில் கட்டிக்கொண்டு வந்தாலும் வாசலில் நிற்பேன். இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தாலும் நிற்பேன். நானே அவிழ்த்து உன் தலையில் கட்டிவிடுகிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
நாராயணவடிவு