மந்திரிக்கு முன்னே ஒரு சிப்பாய்

1911 அக்டோபர் 30, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பெண்கள் வரவில்லை. ஆற்றில் செந்தண்ணீர் என்றார் பால்காரர். குடை ஒழுகுகிறது, துணி மாற்ற வேண்டும்.

சதுரங்கத்தில் இன்றும் தோல்வி. கறுப்புக்காய்தான், வழக்கம்போல. பலகை அவர்கள் வாங்கியது, ஆகையால் வெள்ளை எப்போதும் அவர்களுக்கு. (அவர்கள் என்றால் என் வீட்டுக்காரர், பாளையங்கோட்டைக் கோர்ட்டில் குமாஸ்தா. பெயரை எழுதக் கை வரவில்லை. இனி அ.)

எங்கள் ஊர்க் கோவிலில் அசனப் பண்டிகை நவம்பர் 16ஆம் தேதி. ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். நான் போய் மூன்று வருஷம். தங்கை பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதாம், இன்னும் முகம் பார்க்கவில்லை. அ.விடம் கேட்டேன்.

"வண்டியில போக ஒரு நாள், வர ஒரு நாள் குலுங்கணும்ளா. லீவு யாரு தருவா?"

என் முகம் போன போக்கைப் பார்த்தார்கள் போலும். பலகையைத் தட்டிச் சிரித்தார்கள். "சரி. பண்டிகைக்கு முன்ன ஒரே ஒரு ஆட்டம் கறுப்புல தோக்காம இருந்து காட்டு. லீவுக்கு எழுதிப் போடுதேன்."

அடுக்களையிலிருந்து அத்தை: "நான் சாட்சி."

அத்தைக்கு யானை எது, குதிரை எது என்றே தெரியாது. மகன் வாக்குக் கொடுத்தால் மட்டும் காது நன்றாய்க் கேட்கும்.

நவம்பர் 1, புதன்

மழை இல்லை. துணி காய்ந்தது. வாங்கியவை: சீனி, மிளகு, நல்லெண்ணெய்.

சீனி மடித்து வந்த தாள் இங்கிலீஷ் பத்திரிகை. அதில் சதுரங்கப் படம். கறுப்புக்கு ஒரு உறுதியான தடுப்பு என்று போட்டிருக்கிறது. சீனியை டப்பாவில் கொட்டிவிட்டு நின்றபடியே வாசித்தேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது. பரவாயில்லை.

வெள்ளை, ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளும். நான் பதிலுக்கு ராணிப் பக்கத்து மந்திரிக்கு முன்னால் இருப்பவனை ஒரே கட்டம். அடுத்து ராணியின் சிப்பாய் இரண்டு கட்டம். முன்னே நிற்பவனை வெட்டினால் பின்னே நிற்பவன் அந்த இடத்துக்கு வருவான். பார்க்கச் சாதுவாய் இருக்கிறது. இடிக்க முடியாது.

நான்காவது நகர்த்தலோடு தாள் கிழிந்திருக்கிறது. மீதி?

நவம்பர் 3, வெள்ளி

மீதித் தாளைத் தேடிக் கடைக்குப் போனேன்.

"அது நேத்தே யாருக்கோ கடுகு மடிச்சுப் போயிட்டே டீச்சரம்மா," என்றார் கடை அண்ணாச்சி. "வேற தாள் தரட்டா? இதுலயும் எழுத்து நெறையத்தான் இருக்கு."

மீதியை நானே கண்டுபிடிக்க வேண்டியதுதான். பிள்ளைகள் கணக்குப் போடும் நேரத்தில் மேஜையில் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டேன். ஒன்று தெரிந்தது. கறுப்பு மந்திரி வெளியே வந்த பிறகுதான் ராஜாவின் சிப்பாயைத் தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும். முன்னால் சாத்தினால் மந்திரி உள்ளேயே கிடப்பார். எவ்வளவு சந்தோஷம் எனக்கு. அந்த வகுப்புக்கு இன்று வீட்டுப்பாடம் இல்லை.

நவம்பர் 4, சனி

ஆடினோம். ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் வைத்ததுமே அ. என் கையைப் பிடித்துவிட்டார்கள்.

"நம்ம வீட்டுல சிப்பாய்க்கு ஒரு கட்டந்தான்."

"தாள்ல ரெண்டுன்னு போட்டிருக்குல்லா."

"அது இங்கிலீஷ் சட்டம். அது வேணும்னா உச்சி முதல் உள்ளங்கால் வரை இங்கிலீஷ். சம்மதமா? பெறகு அழக்கூடாது."

சம்மதித்தேன். அத்தை மறுபடி சாட்சி. மறக்காமல் இருக்க எழுதுகிறேன்:

நம் சட்டம்: சிப்பாய் ஒரு கட்டம். ராஜாவுக்கு மிரட்டல் வரும் முன் ஒரே ஒரு முறை அவர் குதிரை மாதிரித் தாண்டலாம்.
இங்கிலீஷ்: சிப்பாய் முதல் முறை இரண்டு கட்டம் போகலாம். ராஜாவுக்குத் தாண்டல் கிடையாது.

நவம்பர் 8, புதன்

தூறல். இங்கிலீஷ் சட்டத்தில் இரண்டு ஆட்டம், இரண்டும் தோல்வி. ஆனால் முப்பது நகர்த்தலுக்கு மேல் தாங்கினேன். அ. காப்பியை ஆறவிட்டுவிட்டார்கள். இது நல்ல அடையாளம்.

நவம்பர் 11, சனி

மத்தியானமே உட்கார்ந்துவிட்டோம். அ. குதிரை, மந்திரி, ராணி எல்லாவற்றையும் என்மேல் ஏவினார்கள். சுவர் நின்றது. என் மந்திரி வெளியே வந்து காற்று வாங்கினார். அதன் பிறகே கதவைச் சாத்தினேன். நடுவில் இரண்டு பக்கத்துச் சிப்பாய்களும் விழுந்து ஒரு வரிசை திறந்தது.

விளக்கு வைக்கும் நேரம் அத்தை வந்து நின்றார்கள். "நாளைக்கு ஓய்வுநாள். காயை யாரும் தொடப்பிடாது." கலைக்க எனக்கு மனசில்லை. அத்தையே பலகைமேல் ஓலைக் கடகப்பெட்டியைக் கவிழ்த்தார்கள். கோழி தட்டிவிடாமல் மேலே அம்மிக்குழவி.

நவம்பர் 12, ஞாயிறு

பிரசங்கம் எதைப் பற்றி என்று தெரியாது. கர்த்தர் மன்னிப்பாராக. திறந்த வரிசைக்கு யானை, அதற்குப் பின்னால் ராணி. இதுதான் வழி. ஆண்கள் பக்கம் பார்த்தேன். அ. பாட்டுப்புத்தகத்தின் அட்டைமேல் விரலால் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 13, திங்கள்

வெயில். நல்ல வெயில்.

சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வந்ததும் பெட்டியை எடுத்தோம். யானையைத் திறந்த வரிசைக்குக் கொண்டுவந்தேன். அ. ராணியை அனுப்பி, ஓரத்தில் தனியாய் நின்ற என் சிப்பாயை வெட்டினார்கள். ராஜாவைப் பற்றிக் கவலையே இல்லை. நான் ராணியை யானைக்குப் பின்னால் வைத்தேன். அடுத்த நகர்த்தலில் ராஜா தீர்ந்துவிடுவார்.

"அது தெரியும்ளா," என்று சிரித்தபடி ராஜாவைத் தூக்கி, குதிரை மாதிரித் தாண்டி வைக்கப் போனார்கள்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தைதான் சொன்னது.

"ஏலே, எல்லாம் இங்கிலீஷ்னு நீதான சொன்ன. அந்த ஊரு ராஜா தாண்டுவாரோ?"

ராஜா கையிலேயே இருந்தார். அ. பலகையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், இன்னொரு தடவை பலகையைப் பார்த்தார்கள். சின்ன வயதிலிருந்து ஆடிய கை, தாண்டலை நம்பியே ராஜாவை நடுவில் விட்டுவிட்டது. அவரை இறக்கிவைக்க நல்ல கட்டம் ஒன்றுகூட இல்லை.

தோற்காமல் இருந்தால் போதும் என்றுதான் உட்கார்ந்தேன். ஜெயித்துவிட்டேன்.

பிறகு மூவரும் சிரித்த சிரிப்பில் கோழி மிரண்டு ஓடியது.

தங்கை பிள்ளைக்குச் சட்டை தைக்க இரண்டு நாள்தான் இருக்கிறது. நீலத் துணி போதுமா, அளவு தெரியாது. அத்தையும் வருகிறார்களாம். சாட்சி வராமல் எப்படி என்கிறார்கள்.

அ. பக்கத்தில் வந்து நின்று பேனாவைக் கேட்கிறார்கள். லீவுக்கு எழுத வேண்டுமாம். கொடுக்கிறேன்.