திரையை அடைச்ச காட்டுமாடு

அன்புள்ள அத்தாவுக்கு, உங்க மக ஆலியா ஸலாம் சொல்லிக்கிறேன். முட்டிவலி தேவலையா? நான் நல்லா இருக்கேன்; அத முதல்ல நம்புங்க.

புது மிரர்லெஸ் கேமரா எப்படின்னு கேட்டீங்க. ஏலக்காட்டு இருட்டுலகூடப் படம் பளிச்சுன்னு வருது. உங்க பழைய ஜூம் கேமராவுல அங்க புள்ளி புள்ளியாத்தான் விழும். ஆனா இதோட வந்த லென்ஸு தூரத்துல உள்ளத கிட்ட இழுத்துக் காட்டாது.

நேத்து எஸ்டேட் வேலியோரம் ஒரு காட்டுமாடு மேஞ்சுச்சு. கேமராத் திரையப் பாத்தே எடுத்துக்கிட்டிருந்தேன். கொஞ்ச நேரத்துல அதோட தலை திரைய அடைச்சிருச்சு. உங்க கேமராவுல அப்படி அடைச்சா மாடு எதிர்மலையில நிக்கும். அந்தப் பழக்கத்துல நானும் அசையாம நின்னேன். மூச்சு மூஞ்சியில பட்டப்பறம்தான் நிமிர்ந்தேன். யா அல்லாஹ், கைக்கெட்டுற தூரத்துல கொம்பு! நான் போட்ட கூச்சல்ல அதுவே மிரண்டு ஓடிருச்சு. கீறல்கூட இல்லத்தா.

அம்மாகிட்டச் சொல்லாதீங்க. உங்க கேமராவ, இந்தக் கடுதாசியக் கொண்டு வர்ற சுருளி அண்ணே ஜீப்புலயே குடுத்து விடுங்க. கூடவே எலுமிச்ச ஊறுகாயும். தனியா உக்காந்தா சோறு எறங்க மாட்டேங்குது. ஜீப்பு கெளம்புது, முடிச்சுக்கிறேன்.

மாட்ட கடைசியா எடுத்த படத்த அனுப்பல. அதுல ஒரு கண்ணு மட்டும்தான் இருக்கு. புதுக் கேமராவாச்சே, அந்தக் கண்ணுக்குள்ள நான் நிக்கிறதுகூடத் தெளிவாத் தெரியுது.