நீங்கள் பார்க்காத முடி

பக்கத்து லயத்து வீட்டு வாசலில் நின்று இருமினாலும் இது என் அப்பா என்று எனக்குத் தெரிந்துவிடும், அப்படிப்பட்ட என் அப்பாவுக்கு,

எனக்கு முடி வளர்ந்துவிட்டது. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். நீங்கள் கடைசியாகப் பார்த்தபோது என் தலை கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது. இமை முடிகூட இல்லை. இப்போது காதை மூடியிருக்கிறது.

ஆனால் அது என் பழைய முடி இல்லை அப்பா. சுருட்டையாக வந்திருக்கிறது. நம் வீட்டில் யாருக்குச் சுருட்டை? அம்மாவுக்கு இடுப்பு வரை நேர் முடி. எனக்கும் அப்படித்தானே இருந்தது. இப்போது கண்ணாடியைப் பார்த்தால் வேறு யாருடைய வீட்டுப் பிள்ளையோ நிற்கிற மாதிரி இருக்கிறது. நீங்கள் திரும்பி வந்தால் வாசலில் நின்று, "யாரு வூட்டுப் புள்ள இது?" என்று கேட்பீர்களோ என்று நினைத்துக்கொள்வேன். அப்படிக் கேட்பதற்காகவாவது வரமாட்டீர்களா?

நான் பேசாத பிள்ளை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதற்கு வீட்டுக் கஷ்டம் பாதி, மாஸ்டர் கேள்வி கேட்டால் எனக்கு வாய் வராதது பாதி. என் கழுத்தில் கட்டி இருப்பதைக்கூட நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி, மாத்தளை, கண்டி, கடைசியில் கொழும்புப் பக்கம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். டாக்டர் கேட்டதற்கெல்லாம் நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். எனக்கு எங்கே வலிக்கிறது என்பதுகூட உங்களுக்குத்தான் தெரிந்திருந்தது.

அந்த ஊசி மருந்து ஏறத் தொடங்கியதும் முடி கொட்டியது. வாரவே வேண்டியதில்லை. தலையணையில் கிடக்கும், சோற்றில் கிடக்கும், தடவினால் கையோடு வரும். நீங்கள் அடுத்த தடவை வந்தபோது நான் போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தேன். நீங்கள் போர்வையை இழுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உங்கள் தலைப்பாகையை அவிழ்த்தீர்கள்.

"பவளம், இங்க பாரு. ஒங்கப்பனுக்கும் வெளிச்சந்தான். ரெண்டு பேரும் ஒரு எடத்துல நின்னா லாம்பே தேவையில்ல."

அடுத்த கட்டிலில் இருந்த, நாலந்தா ஊரிலிருந்து வந்த சிங்கள அக்காவுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் உங்கள் மொட்டையையும் என் மொட்டையையும் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் தலையும் அப்போது அப்படித்தான் இருந்தது. நானும் சிரித்தேன். அந்த வார்டில் நான் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

பிறகு நீங்கள் உங்கள் வேலையைச் சொல்லித் தேற்றினீர்கள். கவ்வாத்து வெட்டினால் தேயிலைச் செடி வெறும் குச்சியாகத்தான் நிற்கும், பார்க்கிறவர்களுக்கு இது செத்துவிட்டது என்று தோன்றும், ஆனால் கொஞ்ச நாளில் தளிர் விடும் என்றீர்கள். நானும் மலையில் பார்த்தவள்தான் அப்பா. கவ்வாத்துக்குப் பிறகு தளிர் விடாமலே போன செடிகளும் உண்டு. அதை நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றைக்குத் திரும்பிப் போகும் வழியில் மாத்தளையில் இறங்கி, முத்துமாரியம்மன் சந்நிதியில் நின்று நேர்த்தி வைத்தீர்களாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னீர்களாம்: "பொழச்சு வந்துட்டா அது மறுபொறப்பு. அதுக்கப்புறம் மொளைக்கிறது மொத முடி. மொத முடி ஆத்தாளுக்குத்தானே? மொட்டை போடுறதா வாய் குடுத்துட்டேன்."

பச்சைப் பிள்ளைக்குச் செய்வதை எனக்கும் செய்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கு நான் அன்றைக்கு மறுபடி பிறந்த பிள்ளை. ஆனால் எனக்குப் பதினாறு வயது அப்பா. அதை ஆத்தாளிடம் சொன்னீர்களா?

கடைசி ஊசி போட்டு முடித்து நான் உங்களுக்காகக் காத்திருந்தேன். வார்டு வாசலில் அம்மா வந்து நின்றது. நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தும் காதும் வெறுமையாக இருந்தன. நான் மொட்டைத் தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா என் தலையைப் பார்த்தது, நான் அம்மாவின் நெற்றியைப் பார்த்தேன்.

மழையில் நனைந்து வேலைக்குப் போனீர்களாம். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்ததாம். என்னிடம் சொன்னால் ஊசி ஏறாது என்று எல்லாரும் சேர்ந்து மறைத்துவிட்டார்கள். காரியம்கூட முடிந்த பிறகுதான் அம்மா வந்தது. உங்களுக்குக் கொள்ளி வைத்து மொட்டை போட ஒரு மகன் இல்லை. சித்தப்பா மகனுக்குத்தான் போட்டார்களாம். ஆனால் உங்கள் பிள்ளை என்று இருக்கிற நான் அந்த நேரம் மொட்டையாகத்தான் இருந்தேன் அப்பா. எதற்கு மொட்டை என்று தெரியாமலே இருந்தேன்.

ரயிலில் ஒரு பெண் என்னைப் பார்த்து, "நேர்த்தியா?" என்று கேட்டாள். அம்மா, "ஆமா" என்றது. ரத்தொட்டை பஸ்ஸில் இன்னொருத்தி கேட்டாள். அதற்கும் "ஆமா". வியாதி என்று சொன்னால் பக்கத்தில் உட்கார மாட்டார்கள் என்று அம்மாவுக்குப் பயம்.

இப்போது நான் கொழுந்துக்குப் போகிறேன். கடையில் கோதுமை மா கிடைப்பதில்லை. காலையில் மரவள்ளிக்கிழங்கு, சில நாள் அதுவும் இல்லை. கூடைக் கயிறு உச்சந்தலையில்தானே உட்காருகிறது. புதிதாக வந்த முடி அந்த இடத்தில் தேய்ந்து உதிர்ந்தது. அதனால் தலையில் போடும் கொங்காணித் துணியை நாலாக மடித்துக் கயிற்றுக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். அதற்கும் பேச்சுத்தான்.

"ஏய், நீ கொழுந்து எடுக்க வந்தியா, மசுரு வளக்க வந்தியா?"

"வுடுக்கா, அவ தலையில வளந்திருக்கிறது மசுரா? குருவிக் கூடுல்ல!"

சிரிப்பார்கள். நான் குனிந்து கொழுந்தைக் கிள்ளுவேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் என் கூடையைத் தொட்ட கையை ஒருத்தி இடுப்பில் கட்டியிருந்த படங்கில் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அந்தக் குருவிக் கூட்டைத்தான் நான் காலையில் விரலால் பிரித்துப் பிரித்து எண்ணெய் தடவுகிறேன். இந்த உடம்பில் எனக்குப் பிடித்தது என்று வேறு எதுவும் இல்லை. ஊசி ஏறிய கை கறுத்துக் கிடக்கிறது. எலும்பெல்லாம் தெரிகிறது. முடி மட்டும்தான் என்னிடம் கேட்காமலே என் பக்கம் வந்து நின்றது.

தை முடிந்ததும் அம்மா பேச்சைத் தொடங்கியது. மாசி வருகிறது, மாத்தளைக்குப் போய் முடி இறக்கிவிடலாம் என்றது. அப்போது உங்கள் தங்கச்சி, அத்தை, வீட்டில் இருந்தார்.

"ஏன் அண்ணி, புள்ள ஏற்கெனவே மொட்டையாத்தானே வந்தா? ஆத்தா எடுத்துக்கிட்டதுதானே? ரெண்டு தரமா கேப்பா?"

"அது ஊசி எடுத்தது. ஆத்தா எடுத்தது இல்ல."

"சரி, பூமுடி குடுத்துடுவோம். மூணு கொத்து வெட்டிக் குடுத்தாப் பத்தாதா? பொம்பளப் புள்ளைங்களுக்குச் செய்யிறதுதானே."

"ஒங்கண்ணன் மொட்டைன்னுதான் சொன்னாரு. மாத்திச் சொல்ல அவருதான் வரணும். கூட்டியா, கேப்போம்."

யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் நான் என்ன சொல்லியிருப்பேன்?

மாசி வெள்ளிக்கிழமை போனோம். முடி இறக்குகிற இடத்தில் கூட்டம். கைப்பிள்ளைகள் வீறிட்டு அழுதன. என் முறை வந்ததும் பலகையில் உட்கார்ந்தேன். முடி இறக்குகிற ஐயா ஒரு செம்புத் தண்ணீரை என் தலையில் ஊற்றினார்.

அப்பா, தண்ணீர் பட்டதும் அந்தச் சுருளெல்லாம் நிமிர்ந்து இறங்கியது. காது வரை என்று நினைத்துக்கொண்டிருந்த முடி தோளைத் தொட்டது. இவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது. வளர்த்தவள் நான், எனக்கே தெரியாது.

"தலயக் குனிம்மா."

"வேணாம்."

"என்னம்மா?"

"வேணாங்கய்யா."

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "அழுவுற புள்ளைக்கு ஆயிரம் தடவ எறக்கியிருக்கேம்மா. வெவரந் தெரிஞ்ச புள்ள வேணாங்கும்போது கத்தி வைக்க மாட்டேன். கூட்டிட்டுப் போயி பேசிட்டு வாங்க" என்றார்.

அம்மா என்னை அடிக்கும் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சேலை முந்தானையால் என் தலையைத் துவட்டியது. பஸ்ஸில் தோட்டத்து முக்கு வரை வந்தோம். இறங்கும்போது ஒன்றே ஒன்று சொன்னது.

"ஒங்கப்பன் அங்க ஆத்தா முன்னால கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. நெனச்சுக்க."

அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேனே. என்னைப் பார்க்க வருவதற்கு லீவு கேட்டுத் துரை முன்னால் நிற்பீர்களே, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லாரும் பார்க்கும்படி, தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு. செத்த பிறகுமா அப்படி நிற்கிறீர்கள்? அதுவும் எனக்காகவா? ஒரு தலை முடிக்காகவா?

இறக்கிவிட்டால் உங்களுக்கு நிம்மதி வந்துவிடும் என்று தெரிந்தால் நான் இன்றைக்கே போய்க் குனிந்துவிடுவேன். யாருக்குத் தெரியும்? அம்மாவுக்குத் தெரியுமா?

இப்போது அம்மா தினமும் காலையில் தேத்தண்ணி தரும்போது என் கழுத்தை அமுக்கிப் பார்க்கிறது. திரும்பக் கட்டி வந்தால் அது ஆத்தா கோபம், நான் செய்த வேலை. வராவிட்டால் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டைத் தவிர எங்கள் வீட்டில் மூன்றாவது பேச்சு கிடையாது. அம்மா கையை எடுத்த பிறகு நானும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

போன தடவை ஆஸ்பத்திரியில் காட்டப் போனபோது நாலந்தா அக்காவைத் தேடினேன். அவர் இல்லை என்று நர்ஸ் சொன்னார். முடி வளர்ந்துவிட்டது என்று அவர் எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா அப்பா? அதற்கு முந்தின தடவை இரண்டு பக்கமும் பூ வைத்த கிளிப் குத்திக்கொண்டு வந்து காட்டினார். அந்த முடியோடுதான் போய்விட்டார். ஆகவே முடி வளர்வதற்கும் உயிர் இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. அது எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

டாக்டரிடம், "நல்லாயிருச்சா?" என்று அம்மா கேட்டது. அவர், "பார்ப்போம்" என்றார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் கொழுந்து எடுக்கிறேன், தண்ணீர் எடுக்கிறேன், சாப்பிடுகிறேன். சில நாள் மலை உச்சியில் ரிவர்ஸ்டன் பக்கமிருந்து மூட்டம் இறங்கி, பக்கத்து நிரையில் நிற்கிறவள்கூடத் தெரியாமல் போகும். அப்படியே என்னையும் மூடிவிட்டுப் போனால் நல்லது என்று நினைப்பேன். சத்தமே வராமல் அழுவேன். பிறகு கங்காணி கூப்பிடுவார்.

இதையெல்லாம் யோசித்து யோசித்து ஒன்று புரிந்தது. அது சரியோ தப்போ, நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் முதல் முடியை நோய் எடுத்துக்கொண்டது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. இரண்டாவதை நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். என் மேல் இருந்த பாசத்தில் கொடுத்தீர்கள், ஆனால் நீங்களும் கேட்கவில்லை. கொடுக்கிறது என்றால் அது முதலில் என்னுடையதாக இருக்க வேண்டாமா? இந்தச் சுருட்டை முடி இன்னும் எனக்குச் சொந்தமாகவில்லை அப்பா. இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் வருகிற வெள்ளிக்கிழமை நான் மாத்தளைக்குத் தனியாகப் போகிறேன். தனியாக பஸ் ஏறுவது இதுதான் முதல் தடவை. ஆத்தா முன்னால் நின்று என் வாயாலேயே சொல்லப்போகிறேன்: என் அப்பா வைத்த நேர்த்தியை நான் எடுத்துக்கொள்கிறேன். இனி அவரைக் கேட்காதே, என்னைக் கேள். இந்த முடி அம்மாவுக்கு மாதிரி இடுப்பு வரை வளரட்டும். அன்றைக்கு நானே வந்து குனிகிறேன், ஒரு கொத்துக்கூட மிச்சம் வைக்காமல். அதுவரை என்னை உயிரோடு வைத்திருக்க வேண்டியது உன் பொறுப்பு.

கோயிலில் வாய் வருமா என்று தெரியவில்லை. வந்தாலும் அவள் ஒத்துக்கொள்வாளா என்று தெரியவில்லை. இடுப்பு வரை வளர எத்தனை வருஷம் ஆகும், அதுவரை எனக்கு இருக்கிறதா என்பதை நான் யோசிக்கப் போவதில்லை. ஆனால் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அந்தக் கடன் என்னுடையது. நீங்கள் கையை அவிழ்த்துவிட்டு எங்கேயாவது ஓரமாக உட்காருங்கள் அப்பா.

உங்கள் ஒரே மகள்,
பவளம்