ரஞ்சனின் பனிவண்டிக்கு இரண்டு பிஸ்டன்கள்

என் செல்லத் தம்பி ரஞ்சனுக்கு,

நீ போனபிறகு உன்னிடம் சொல்ல எவ்வளவோ சேர்ந்து கிடக்கிறது. நீ முதலில் எதைக் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால் அதையே முதலில் சொல்கிறேன். உன் பனிவண்டி ஓடுகிறது.

உன்னைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னே போகவேண்டும். பனியில் சறுக்கி விளையாடப் போன இடத்தில் நீ விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாய். மலையில் மீட்பு வேலை செய்யும் தொண்டர்கள் பனிவண்டியின் பின்னால் ஒரு சறுக்குப் படுக்கையைக் கட்டி உன்னைக் கீழே கொண்டுவந்தார்கள். சில வருடங்களுக்குப் பிறகு, வேறு யாரையோ ஏற்றப் போகும் வழியில் அதே வண்டியின் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. தொண்டர்கள் மிச்சத் தூரத்தை நடந்தே போனார்களாம். வண்டியைக் கழிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நீ போய் வாங்கிவந்தாய். "திருத்தித் திருப்பிக் குடுக்கப் போறன் அக்கா" என்றாய். பனியே விழாத ஒக்லாந்தில், பக்குரங்கா வீட்டு வாசலில் பனிவண்டியோடு வந்து இறங்கிய உன்னைப் பார்த்து அயலெல்லாம் சிரித்தது. நீயும் சேர்ந்து சிரித்தாய்.

எஞ்சினைக் கழற்றிப் பரப்பிவைத்த அதே கிழமை, பென்ரோஸில் வேலையிடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தபோது உன் இதயம் நின்றுபோனது.

உன் மனைவி நிர்மலா அழவில்லை, ரஞ்சன். செத்தவீட்டிலும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியிலும் இல்லை. ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் தாதி வேலைக்குப் போவாள், வருவாள், சீருடையைக்கூட மாற்றாமல் கராஜுக்குள் போய் அந்த இரும்புத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். எனக்குப் பயமாக இருந்தது.

"இதை ஆருக்கும் வித்துப்போடுவமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லை மச்சாள். குளிர்காலத்துக்கு முதல் அது மலைக்குப் போகவேணும்."

அவள் தனக்கு ஏதாவது வேண்டும் என்று சொன்னதே அன்றைக்குத்தான். உன்னோடு வேலை செய்த கோயம்புத்தூர்ச் செல்வத்தைக் கூப்பிட்டோம். அவன் கேட்ட அன்றைக்கே வந்துவிட்டான்.

இரண்டு பிஸ்டன்களில் ஒன்று அடிப்பிடித்த சட்டியைக் கம்பியால் சுரண்டியது போலக் கோடு கோடாகக் கிடந்தது. மற்றது பார்க்க நன்றாகவே இருந்தது. செல்வம் இரண்டையும் ஒதுக்கிவைத்தான்.

"ரெண்டையும் மாத்தணுங்க அக்கா."

"நல்லாக் கிடக்கிறதை ஏன் எறியவேணும்?"

"ஜோடியா ஓடுற சாமானுங்க. ஒண்ணு புதுசு, ஒண்ணு தேஞ்சதுன்னா எடை ஒத்துப்போகாது, நடுங்க ஆரம்பிச்சிரும். அதுவுமில்லாம, இதுவும் அதே மலையிலதான் ஓடியிருக்கு. எப்போ போகும்னு யாருக்குத் தெரியும்?"

சிலிண்டர்களை பென்ரோஸில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். சுவரில் ஒட்டியிருந்த அலுமினியத்தைக் கரைத்து எடுத்துவிட்டு அளந்து பார்த்தார்கள். உள்பூச்சு உரியவில்லை, அளவும் மாறவில்லை. பழைய அளவிலேயே பிஸ்டன் போடலாம் என்றார்கள். நிர்மலா அதைத் திரும்பவும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். வார்டில் நல்ல செய்தி கேட்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்களாம்.

அடுத்த சனிக்கிழமை செல்வம் தொலைபேசியில் ஒரு படத்தோடு வந்தான். பந்தய வண்டிகளுக்குப் போடும் பிஸ்டன்கள். வெள்ளிப் பாத்திரம் போல மின்னின.

"ஃபோர்ஜ்டு பிஸ்டன், அண்ணி. அலுமினியத்தை அழுத்தி அடிச்சுச் செய்றது. வார்ப்புல ஊத்திச் செய்ற சாதாரணதை விட எவ்வளவோ பலம். அண்ணாவோட வண்டிக்கு இதுதான் போடணும்."

"பலம் சரி. வேற என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள் நிர்மலா.

அவன் கொஞ்சம் தயங்கினான். "சூடானா கொஞ்சம் அதிகமா விரியும். அதனால சிலிண்டருக்குள்ள இடைவெளி அதிகமா விட்டுத்தான் போடணும். ஸ்டார்ட் பண்ணி, நல்லா சூடாக்கின பிறகுதான் முறுக்கணும். குளிர்ல அவசரப்பட்டா மறுபடியும் ஜாம் ஆனாலும் ஆயிரும்."

"பனிக்குள்ள ஒருத்தர் கால் முறிஞ்சு கிடக்கேக்க, ஆர் நிண்டு எஞ்சினைச் சூடாக்கிறது, செல்வம்?"

"எந்த எஞ்சினா இருந்தாலும் கொஞ்சம் சூடாக்கணும், அண்ணி."

"ஓம். எதுக்குக் கொஞ்சம் சூடாக்கினால் போதும்?"

"வார்ப்புக்குத்தான்," என்றான். பிறகு தொலைபேசியைக் கவிழ்த்துவைத்தான். "அண்ணாவுக்குன்னு செய்றது பெருசா இருக்கணும்னு நெனச்சேன். நான் வேற என்ன செய்யுறது?"

"எனக்கு விளங்குது செல்வம். அது இடைவழியில நிக்காமல் போய் வந்தால் போதும். அவருக்கும் அது காணும்."

அவன் அழுதான். அவன் தோளைத் தொட்ட நிர்மலாவும் அழுதாள். அப்போதுதான், முதல்முறையாக. நான் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய் நின்றேன். அவர்கள் அழட்டும் என்று இருந்தது. நீ இருந்திருந்தால் எதைத் தெரிவுசெய்திருப்பாய்? உனக்கும் மின்னுகிற சாமானில் ஆசை உண்டே. நிர்மலா மறித்திருந்தால் கேட்டிருப்பாயா?

எஞ்சினைச் செய்த கம்பனி போட்ட மாதிரியிலேயே வார்ப்புப் பிஸ்டன்கள் இரண்டு, புது ரிங்குகளோடு எடுப்பித்தோம். முதலில் ஏன் இறுகியது என்று தெரியாமல் புதுசைப் போடமாட்டேன் என்று செல்வம் பிடிவாதமாக இருந்தான். கடைசியில் கண்டுபிடித்தான். கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கிற ரப்பர் வெடித்து, அதால் காற்று உள்ளே போயிருக்கிறது. பெட்ரோலோடு கலந்து வரவேண்டிய எண்ணெயும் அந்தப் பக்கத்துக்குப் போதவில்லை. சூடு ஏறி இறுகிவிட்டது. ரப்பரையும் மாற்றினான்.

கராஜ் கதவை முழுதாகத் திறந்துவிட்டு, கயிற்றை நிர்மலாதான் இழுத்தாள். இரண்டு மூன்று தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. தெரு முழுக்கப் புகை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த அயலவர் கை தட்டினார்கள்.

குளிர்காலம் தொடங்குமுன் காருக்குப் பின்னால் கட்டிய இழுவைப்பெட்டியில் ஏற்றி மூவருமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். உன்னைக் கீழே கொண்டுவந்தவர்களில் ஒரு பெண் இன்னும் அங்கே இருக்கிறாள். உன் பெயரைச் சொன்னதும் நிர்மலாவைக் கட்டிக்கொண்டு, நேரம் போவது தெரியாமல் நின்றாள்.

போன கிழமை அந்தப் பெண் நிர்மலாவுக்குத் தொலைபேசி எடுத்தாளாம். நல்ல பனிக்காற்றுக்குள் வண்டி மேலே போய், முதுகு அடிபட்ட ஒருவரை ஏற்றிக்கொண்டு, எங்கும் நிற்காமல் இறங்கியதாம். அவர் பிழைத்துக்கொண்டார். நிர்மலா எப்சத்தில் இருக்கிற என் வீடு தேடி வந்து இதைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தாள். "பசிக்குது மச்சாள், என்ன கிடக்கு?" என்றாள். மத்தியானப் புட்டைச் சூடாக்கிக் கொடுத்தேன். நீ போனபிறகு அவள் வாய்விட்டுச் சாப்பாடு கேட்டதில்லை, தம்பி. சாப்பாட்டுக் கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

இனி அவள் என் தங்கச்சி. அவள் கதைக்க நினைக்கிற நேரம் பக்கத்தில் இருப்பேன். கதைக்காத நேரம் நானும் வாயை மூடிக்கொண்டு இருப்பேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் செய்வேன்.

உன்னைத் தூக்கி வளர்த்த,
அக்கா சாந்தி