சாம்பிள் வயல்

என்னங்க, இரண்டு வருஷமாகக் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்க்காத என் அன்பான உங்களுக்கு,

உங்கள் இரண்டாம் வருஷ நினைவு நாளுக்கு ஊர் முனையில் பேனர் வைக்கலாம் என்றார் உங்கள் அண்ணன். கறுப்புக் கண்ணாடி போட்ட உங்கள் போட்டோ ஒன்றைக்கூடத் தேடி எடுத்து வைத்திருந்தார். அந்தக் கண்ணாடி யாரோ ஒருவரிடம் இரவல் வாங்கியது என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். "பேனரு வேணாம் மாமா" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். உங்களுக்கு எழுதுவதுதான், ஆனால் ஊரும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதி. மகள் காலேஜில் சேர்ந்துவிட்டாள். ஹாஸ்டல் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று வாரா வாரம் போனில் அழுகிறாள். நேரில் பார்த்தால் நன்றாக உடம்பு போட்டிருக்கிறாள். நான் அதே பீங்கான் கம்பெனிக்குத்தான் போகிறேன். அதே காலை பஸ், விருத்தாசலத்தில் இறங்கி அதே நடை. இனி எழுதப் போவதில் நல்ல சேதி குறைவு.

நீங்கள் போன பிறகு முதல் வருஷம் வயலை உங்கள் அண்ணனே பார்த்துக்கொண்டார். அடுத்த பட்டத்துக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ கம்பெனிக்குப் போறவ. காலையில பஸ்ஸு புடிச்சிப் போயி பொழுது சாயத் திரும்பி வரவ. எப்ப தண்ணி பாப்ப, எப்ப கள எடுப்ப? பேசாம குத்தகைக்கு வுட்டுடு." அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரே ஒரு வருஷம் பார்க்கிறேன் மாமா என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். லீவு எடுத்தேன், ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் வயலிலேயே கழித்தேன். பயிரும் என்னை ஏமாற்றவில்லை. வரப்பில் நின்று பார்த்தால் நீங்கள் இருக்கும்போது இருந்த மாதிரியே இருந்தது.

மார்கழிக் கடைசியில், அறுப்புக்கு ஆள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. போய்ப் பார்த்தால் நம் பயிர் பாதிக்கு மேல் படுத்துக் கிடக்கிறது. கீழண்டைப் பள்ளத்தில் உங்கள் கூட்டாளி ராசேந்திரன் அண்ணன் வயலில் கதிரே தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிடந்தது கிடக்கட்டும் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்குத்தான் போன் வந்தது. கணக்கெடுக்கிற பெண், நம் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். "அக்கா, பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு உங்க சர்வே நம்பர் வந்திருக்குது. ஊருக்கு நாலு வயலு எடுக்கறோம், அதுல ஒண்ணு உங்களுது. நாலு நாள்ல வரோம். நாங்க வரதுக்குள்ள அறுத்துடாதீங்க" என்றாள்.

"எதுக்கும்மா எங்களுத எடுக்கறீங்க?"

"சாம்பிளுக்குக்கா. இந்த நாலு வயல வச்சித்தான் ஊருக்கே முடிவு பண்ணுவாங்க."

சாம்பிள் என்றதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியாது. கம்பெனியில் என்ன செய்கிறாய் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. எங்கள் சூளையிலிருந்து கரண்டு பெட்டியில் மாட்டுகிற பீங்கான் பியூஸ் கட்டைகள் இறங்கியதும் வாங்குகிறவர்களின் ஆள் வருவார். அடுக்கிலிருந்து தன் இஷ்டத்துக்கு நாலைந்தை உருவுவார். அதைச் சிவப்பு மையில் ஊறப்போட்டு உடைத்துப் பார்ப்பார். மை உள்ளே இறங்கியிருந்தால் மொத்த லாட்டும் திரும்பிவிடும், எட்டுப் பெண்கள் வாரக்கணக்கில் சீவித் துடைத்த உழைப்பு குப்பைமேட்டுக்குப் போகும். இறங்காவிட்டால் எல்லாம் பாஸ். உருவிய நாலு நன்றாக இருந்தால் மற்றவையும் பிழைத்தன. பதினாறு வருஷமாக எனக்குத் தெரிந்த சாம்பிள் அதுதான்.

ஊர் மானமே என் கையில் இருக்கிறது என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், ஊர் மானம் மட்டுமல்ல. பொம்பளை கையில் விட்டதும் வயல் வீணாகப் போய்விட்டது என்று நாலு பேர் எழுதிக்கொண்டு போவார்கள், அதை உங்கள் அண்ணன் பார்ப்பார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

நேரே ராசேந்திரன் அண்ணனிடம் ஓடினேன். "அண்ணே, நம்ம வயலு சாம்பிளுக்கு வந்திருக்குது. இப்புடிக் கெடந்தா அவரு பேரு கெட்டுப் போயிடும்" என்றேன். அவர் தன் வயலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நம் வயலைப் பார்த்தார். "சரி தங்கச்சி, தூக்கிக் கட்டிடலாம்" என்று சொல்லிவிட்டு மண்வெட்டி எடுக்கப் போனார்.

இரண்டு நாள். அவரும் அவர் மனைவி மல்லிகாவும் நானும், கூலிக்கு வந்த மூன்று பெண்களும். அவர் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டார். நாங்கள் நாலு நாலு குத்தாகச் சேர்த்துத் தூக்கி, அதன் தாளாலேயே முடிச்சுப் போட்டு நிறுத்திக்கொண்டே போனோம். முதுகு விட்டுப்போயிற்று. ஆனால் இரண்டாம் நாள் சாயங்காலம் வயல் நிமிர்ந்து நின்றது. உங்களை நினைத்துக்கொண்டேன். கர்வப்பட்டேன் என்றே சொல்கிறேன்.

கணக்கெடுக்கிறவர்கள் வந்தார்கள். வயல் மூலையிலிருந்து அடி எண்ணிப் போய் ஓர் இடத்தில் முளை அடித்தார்கள். ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருந்ததை மட்டும் அறுத்து, தார்ப்பாயில் அடித்துத் தூற்றி, எடை போட்டார்கள், போட்டோ பிடித்தார்கள். "சூப்பர்க்கா, இந்த மழையிலயும் நல்லா வந்திருக்குது" என்றாள் அந்தப் பெண். உங்கள் அண்ணன் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் பரவாயில்லை அது.

வாய்க்கால் கரையில் ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கண் வைக்கிறார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து எனக்கு நானே உப்பு சுற்றி அடுப்பில் போட்டேன். இதை எழுதும்போதே எனக்குக் கூசுகிறது.

ஆடி மாதம் பயிர் இன்சூரன்ஸ் முடிவு வந்தது. பக்கத்து ஊருக்கு இழப்பீடு உண்டு, நம் ஊருக்கு இல்லை. என்ன ஏது என்று புரியாமல் அந்தப் பெண்ணுக்கே போன் செய்தேன். அவள்தான் பொறுமையாகச் சொன்னாள். உத்தரவாத மகசூல் என்று ஒன்று இருக்கிறதாம். முந்தைய வருஷங்களின் விளைச்சலைப் பார்த்து ஊருக்கு ஒரு கோடு போட்டு வைப்பார்களாம். நாலு சாம்பிள் வயலின் சராசரி அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் இன்சூரன்ஸ் கட்டிய எல்லோருக்கும் இழப்பீடு, மேலே நின்றால் யாருக்கும் கிடையாது. மூன்று வயலில் விளைச்சல் அடிமட்டம். நாலாவதாக நம்முடையதைச் சேர்த்ததும் சராசரி கோட்டைத் தொட்டுத் தாண்டிவிட்டது. ஆகவே காகிதத்தின்படி நம் ஊரில் மழையால் சேதமே இல்லை. கதிரே தெரியாமல் மூழ்கிக் கிடந்த ராசேந்திரன் அண்ணன் வயலும் விளைந்த வயல்தான்.

கம்பெனியில் நல்ல சாம்பிள் எல்லோரையும் காப்பாற்றும். இங்கே அது எல்லோர் தலையிலும் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டது. அதை அள்ளிப் போட்டது நான்.

உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? இந்த வார்த்தைகள் எல்லாம் உங்களுக்குத் தெரியும். அடங்கல், சிட்டா, பிரீமியம், உத்தரவாத மகசூல், எல்லாமே டீக்கடையில் உட்கார்ந்து ராசேந்திரன் அண்ணனோடு மணிக்கணக்கில் பேசுவீர்கள். வீட்டில் நான் கேட்டால், "அதெல்லாம் ஆபீசு வேல, உனக்கெதுக்கு" என்பீர்கள். ஒரே ஒரு நாள், சோறு போடும் நேரத்திலாவது, சொல்லியிருக்கக் கூடாதா? நானும்தான் என் சிவப்பு மையைப் பற்றி உங்களிடம் ஏன் சொல்லாமல் போனேன்? பதினெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்து நாம் என்னதான் பேசினோம்?

ஊரில் இப்போது எனக்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் பிடிக்கப் போனால், "தள்ளி நில்லுங்கடி, சாம்பிள் வயக்காரம்மா வராங்க" என்கிறார்கள். சிரிப்புக்குத்தான். ஆனால் சிரித்து முடித்த பிறகு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மல்லிகா கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். விதைக்கு வழியில்லாமல் இந்தப் பட்டம் அவர்கள் வயல் தரிசாகக் கிடக்கிறது. காலை பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்து வருகிறாள். அச்சிலிருந்து எடுத்த கட்டையின் விளிம்பை எப்படிச் சீவுவது, ஈரப் பஞ்சால் எப்படித் துடைப்பது என்று நான்தான் காட்டிக் கொடுத்தேன். இழப்பீடு பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ராசேந்திரன் அண்ணன் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். திருப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறாராம். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே கேட்டுவிட்டேன்.

"அண்ணே, எங்க வயலு நல்லா நின்னா ஊருக்கு ஒண்ணும் வராதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "தெரியும் தங்கச்சி. வருஷா வருஷம் உன் வூட்டுக்காரரும் நானுந்தான போயி இன்சூரன்சு கட்டிட்டு வருவோம்."

"அப்ப ஏண்ணே சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்புடியே போட்டிருப்பேனே?"

"என்னன்னு சொல்லச் சொல்ற? என்னுது முழுவிப் போச்சி, உன்னுதையும் அழுக வுடுன்னு சொல்றதா? வெளஞ்சி படுத்துக் கெடக்கற பயிரப் பாத்துகிட்டு அது எப்புடி வாயில வரும்?" பையை இழுத்துக் கட்டிக்கொண்டே, "அவரு பேரு கெட்டுப் போயிடும்னு சொன்ன பாரு, அதுக்கு மேல எனக்குப் பேச வரல" என்றார்.

உள்ளேயிருந்து மல்லிகா வந்தாள். "எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா ஒரு குத்தக்கூடத் தூக்கிக் கட்டியிருக்க மாட்டேன். உங்க மூஞ்சிக்கு நேராவே சொல்றேன்" என்றாள். சொல்லிவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர்கள் வாசலில் உட்கார்ந்து, நீங்கள் போன அன்றைக்கு அழுததைவிட அதிகமாக அழுதேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. வருகிற மார்கழி, தையில் மறுபடி மழை வந்து, மறுபடி நம் நம்பரே வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்? விளைந்ததை அழுகவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பதா? அதைச் செய்தால் நல்லவள், செய்யாவிட்டால் ஊரைக் கெடுத்தவளா? இதை யாரிடம் கேட்பது? உங்களிடம் கேட்டால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

வருகிற குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறேன். எழுதியும் வைத்துவிட்டேன். உங்கள் அண்ணன் படித்துவிட்டு, "ஆபீசருங்க வந்து எட போட்டு எழுதுனத ஒரு பொம்பள மனுவுக்காவ மாத்த மாட்டாங்க. நல்லா வெள்ளாம பண்ணுனான்னு உனக்கு இருக்கற ஒரு பேரும் போயிடும்" என்றார். போகத்தான் போகிறது. எனக்கு அது வலிக்கத்தான் செய்கிறது. உங்கள் வயலை உங்களைப் போலவே விளைய வைத்தேன் என்று காட்ட என்னிடம் இருப்பது அந்த ஒரு எடைதான். அது என் விளைச்சல் இல்லை என்று நானே மைக் பிடித்துச் சொல்ல வேண்டும்.

மனுவில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்: "எங்கள் வயலில் நீங்கள் எடை போட்டது மழை விட்டுவைத்த பயிரை அல்ல. அது படுத்துக் கிடந்தது. சாம்பிள் என்று தெரிந்த பிறகு நான் கேட்டுக்கொண்டதால், தன் வயல் மூழ்கிக் கிடந்த ஒருவர் வந்து அதைத் தூக்கி நிறுத்தினார். நிறுத்தினால் தனக்கு எதுவும் கிடைக்காது என்று தெரிந்தே நிறுத்தினார். அவருடைய வயலுக்கு அன்றைக்கு யாரும் வரவில்லை."

இழப்பீடு வருமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வயல் மூழ்கியது, அது விளையவில்லை என்பதை அரசாங்கக் காகிதம் ஒன்றிலாவது ஏற்றாமல் நான் அந்தக் கூட்டத்தை விட்டு வெளியே வர மாட்டேன். அவர்கள் உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
ராசேந்திரன் அண்ணனுக்குத் தங்கச்சி,
செல்வி